பிள்ளை இணையத்தில் காசு வைத்துப் போக்கர் சீட்டு ஆடினால் வீட்டில் என்ன செய்வது

சித்திரைப் புத்தாண்டுக்கு முதல் நாள் என் மகன் எனக்கு ஒரு மிக்சி வாங்கி வந்தான். விலை 189 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். நான் சிங்கப்பூரில் ஒரு தொடக்கப்பள்ளி உணவகத்தில் கடை வைத்திருக்கிறேன். பழைய மிக்சி பாதிச் சட்னியிலேயே சூடேறி நின்றுவிடும். அதை அவன் கவனித்திருக்கிறான் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம்.

“காசு ஏதுடா தம்பி?”

“ஆன்லைன்ல போக்கர் ஆடி ஜெயிச்சேன்மா. குருட்டு அதிர்ஷ்டம் எல்லாம் இல்ல, கணக்குப் போட்டு ஆடுறது.”

அவன் தலையைத் தடவிவிட்டு உள்ளே போனேன். வேறு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அப்போது அவனுக்கு 17 வயது. ஜூலையில் என் நாத்தனார் போன் செய்து, “அண்ணி, தம்பி என் பையன்கிட்ட 300 வெள்ளி வாங்கியிருக்கான், உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டபோதுதான் விழித்துக்கொண்டேன். பெற்றோர் விழிக்க வேண்டிய நாள் பிள்ளை கடன் வாங்கிய நாள் அல்ல, ஜெயித்த காசு வீட்டுக்குள் வந்த நாள். அதைக் கோட்டைவிட்டவள் நான். உங்கள் வீட்டில் இப்போது அப்படி ஏதாவது வந்திருந்தால், அது புதுக் காலணியோ, தங்கச்சிக்கு ஒரு பரிசோ, கோபப்படாமல் ஒன்றே ஒன்று கேளுங்கள்: “இதுவரைக்கும் நீ எவ்வளவு போட்ட, எவ்வளவு உன் பேங்குக்கு வந்துச்சு?” எவ்வளவு ஜெயித்தாய் என்று கேட்காதீர்கள். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் இது எப்படித் தொடங்கியது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பல வீடுகளில் காலம் இதேதான். உயர்நிலைப்பள்ளி முடிவில் எழுதும் சாதாரண நிலைத் தேர்வு (ஓ லெவல்) நவம்பரில் முடிகிறது. முடிவு ஜனவரியில் வருகிறது. பலதுறைத் தொழிற்கல்லூரி ஏப்ரலில்தான் தொடங்கும். நடுவில் ஐந்து மாதம் பிள்ளைக்கு எந்த அட்டவணையும் இல்லை. பிப்ரவரியில் சீனப் புத்தாண்டுக்கு நண்பன் வீட்டுக்குப் போனவன், அங்கே பான்லக் என்ற சீட்டாட்டமும் போக்கரும் 20 காசு, 50 காசு வைத்து ஆடினான். வீட்டில் நண்பர்கள் கூடி ஆடுவதைச் சட்டம் ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் அங்கிருந்த ஒரு பையனின் அண்ணன் இவனை ஒரு கைபேசிச் செயலியில் இருக்கும் ‘கிளப்’பில் சேர்த்துவிட்டான். செயலியைத் திறந்து பார்த்தால் விளையாட்டுக் காசு என்றுதான் போட்டிருக்கும். நிஜக் காசு செயலிக்கு வெளியே ‘ஏஜென்ட்’டுக்கு பேநவ் என்ற வங்கிப் பணமாற்று வசதி வழியாகப் போகும், அவன் சிப்ஸ் (ஆட்டத்தில் பந்தயம் வைக்கும் வில்லைகள்) ஏற்றிவிடுவான். அதனால் பிள்ளையின் கைபேசியைப் பார்க்கும் பெற்றோருக்கு ஒன்றும் புரியாது. நானே இரண்டு தடவை எட்டிப் பார்த்திருக்கிறேன். ஏதோ சீட்டு விளையாட்டு என்று நினைத்தேன்.

தெரிய வந்த இரவு

நாத்தனார் போன் வந்தபோது மணி இரவு எட்டரை. நான் காலை நாலு மணிக்கு எழுபவள், ஒன்பதுக்கெல்லாம் படுத்துவிடுவேன். (அவன் ஆடிய நேரமும் அதற்குப் பிறகுதான், பத்திலிருந்து விடியற்காலை மூன்று வரை.) என் வீட்டுக்காரர் துவாஸ் தொழிற்பேட்டையில் 12 மணி நேர ஷிஃப்ட். அன்று இரவு வேலை. நான் அவருக்குச் செய்தி அனுப்பிவிட்டு, மகனிடம் ஒரு வார்த்தை பேசாமல் படுத்தேன். தூக்கம் வரவில்லை. ஆனாலும் தனியாகப் பேசாமல் காத்திருந்தது சரியான முடிவு என்று இன்றும் சொல்வேன். அம்மா அழுது, அப்பா அடித்து, மறுநாள் அம்மா ரகசியமாகக் கடனை அடைத்தால் அங்கே கதை முடிந்தது. முதலில் கணவனும் மனைவியும் ஒரே பேச்சுக்கு வர வேண்டும். நாங்கள் மூன்று விஷயம் ஒப்புக்கொண்டோம். கைபேசியைப் பிடுங்கி உடைப்பதில்லை. கடனை நாங்கள் கட்டுவதில்லை. உண்மையைச் சொன்னதற்காகத் தண்டிப்பதில்லை.

மூன்றாவதுதான் இவருக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனால் அது இல்லையென்றால் பிள்ளை பாதிக் கணக்கைத்தான் காட்டும்.

உட்கார்ந்து கணக்கெடுப்பது

சனிக்கிழமை மதியம், சாப்பிட்ட பிறகு, சமையலறை மேசையில் உட்கார்ந்தோம். வங்கிச் செயலியிலிருந்து ஆறு மாத அறிக்கையை இறக்கி, கீழே எங்கள் அடுக்குமாடி புளோக் கடையில் அச்செடுத்து வந்தான். பச்சை, ரோஸ் என்று இரண்டு ஹைலைட்டர். ஏஜென்ட்டுக்குப் போனது ரோஸ், ஏஜென்ட்டிடமிருந்து வந்தது பச்சை. கோடு போட வேண்டியவன் மகன்தான். நீங்கள் பேனாவைத் தொடாதீர்கள். 20, 30, 50 என்று போன சின்னச் சின்னத் தொகைகள் யாருக்கும் நினைவில் நிற்பதில்லை. காகிதம் முழுக்க ரோஸ் நிறமாகும்போது அவனாகவே பேச்சை நிறுத்தினான்.

போனது 2,310. வந்தது 1,170. நிகர நஷ்டம் 1,140 வெள்ளி.

அவன் நிஜமாகவே நம்பிக்கொண்டிருந்தது, “மொத்தத்துல கொஞ்சம்தான் கீழ இருக்கேன்” என்று. பொய் சொல்லவில்லை. ஜெயித்தது மனதில் தங்கிவிட்டது, தோற்றது வழுக்கிப் போய்விட்டது. ஏப்ரல் பக்கத்தைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. மிக்சி வாங்கிய வாரத்தில் செயலியில் 640 வெள்ளி ஜெயித்ததாகக் காட்டியிருக்கிறது. ஆனால் அதில் அவன் வங்கிக்கு எடுத்தது 200. அதுவரை போட்டது 250. அதாவது அந்த மிக்சி ஜெயித்த காசில் வாங்கியதே இல்லை. அவன் ஆச்சி தீபாவளிக்கு உறையில் போட்டுக் கொடுத்த அங்பாவ் காசில் வாங்கியது. மீதி 440 இரண்டு வாரத்தில் அதே மேசையில் திரும்பப் போய்விட்டது. எவ்வளவு ஜெயித்தாய் என்று கேட்காதீர்கள் என்றேனே, அது இதனால்தான். செயலியில் தெரியும் எண் காசு இல்லை.

கணக்கில் வராத மூன்று விஷயங்களை வாய்விட்டுக் கேட்க வேண்டும். ஒன்று, யாரிடமெல்லாம் கடன். எங்கள் மகன் அத்தை மகனிடம் 300, கல்லூரி நண்பனிடம் 120. இரண்டு, வெளியே உரிமம் இல்லாத வட்டிக்காரர் யாரிடமாவது கைநீட்டியிருக்கிறானா. இருந்தால் அன்றைக்கே போலீஸ். பேரம் பேசப் போகாதீர்கள், பிள்ளையையும் அனுப்பாதீர்கள். மூன்றாவதை மெதுவாக, கண்ணைப் பார்த்துக் கேளுங்கள்: “உன் பேங்க் கணக்கையோ சிங்பாஸையோ யாருக்காவது கொடுத்தியா?” (சிங்பாஸ் என்பது அரசாங்கச் சேவைகளுக்கான மின்னடையாளம்.)

தோற்றுப்போன பையன்களிடம் ஏஜென்ட் இதைத்தான் கேட்பான். மற்றவர்கள் போடும் பணம் உன் கணக்குக்கு வரட்டும், நீ எனக்கு மாற்றிவிடு, வாரத்துக்கு 50 வெள்ளி தருகிறேன் என்று. என் மகனிடமும் கேட்டிருக்கிறான். இவன் “யோசிக்கிறேன்” என்று சொல்லி வைத்திருந்தான். அந்த வார்த்தையைக் கேட்டதும் இவர் எழுந்து பால்கனிக்குப் போய் நின்றுவிட்டு வந்தார். போக்கரில் தோற்ற காசை உழைத்துச் சம்பாதித்துவிடலாம். அடுத்தவரின் கறுப்புப் பணம் நம் கணக்கு வழியாகப் போனால் வழக்கு, வங்கிக் கணக்கு முடக்கம் என்று வாழ்க்கையே திரும்பிவிடும். குற்றச் செயலுக்கு உதவும் வகையில் சிங்பாஸ் விவரத்தை மற்றவருக்குக் கொடுப்பதே குற்றம் என்ற திருத்தம் 2024 பிப்ரவரியிலிருந்து நடப்பில் இருக்கிறது. பிள்ளை ஏற்கெனவே கொடுத்துவிட்டால் மறைக்காதீர்கள். உடனே வங்கிக்குச் சொல்லி, போலீசில் புகார் கொடுங்கள்.

“இது திறமைம்மா, சூதாட்டம் இல்ல”

ஒவ்வொரு பிள்ளையும் இதைச் சொல்லும். இதில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் “சூதாட்டம் பாவம்” என்று கத்தினால் எடுபடாது. இரண்டு சாயங்காலம் செலவழித்து ஆட்டத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாக, நடுவில் ஐந்து சீட்டு பொதுவாக. ஏழில் சிறந்த ஐந்தை வைத்து யார் பெரியவர் என்று பார்ப்பது. நாலு சுற்று பந்தயம். எதிராளியிடம் மோசமான சீட்டு இருந்தும் பந்தயத்தை ஏற்றுகிறானா என்று கணிப்பதில் திறமை இருக்கத்தான் செய்கிறது.

ஆனால் இரண்டு ஏஸ் கையில் இருப்பவன் இரண்டு ராஜா வைத்திருப்பவனோடு மொத்தத்தையும் வைத்து மோதினால்கூட நூற்றுக்குச் சுமார் 18 தடவை தோற்பான். என் மகன் மே மாதத்தில் ஓர் இரவு அப்படித்தான் 90 வெள்ளி தோற்றான். தப்பே செய்யவில்லை, ஆனாலும் தோற்றான். அந்தக் கோபத்தில் அடுத்த ஒரு மணி நேரத்தில் இன்னொரு 150. ‘டில்ட்’ ஆகிவிட்டேன் என்று அவர்கள் பாஷையில் சொன்னான். கற்றுக்கொண்ட திறமை எல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில் இருக்கும் இடம் தெரியாது.

அடுத்தது, மேசை நடத்துபவன் எடுக்கும் ‘ரேக்’. இவன் கிளப்பில் ஒவ்வொரு ‘கை’யிலும், அதாவது ஒவ்வொரு ஆட்டத்திலும், நடுவில் சேரும் பந்தயக் காசில் (‘பாட்’) 5 விழுக்காடு. வாயால் சொன்னபோது “அஞ்சு பர்சன்ட் என்னம்மா பெரிய விஷயம்” என்றான். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொண்டைக்கடலையை எடுத்தேன்.

இதை நீங்களும் செய்து பாருங்கள், அரை மணி நேர அறிவுரையைவிட வலுவானது. நாலு பேர், ஆளுக்கு 50 கடலை, நிஜச் சீட்டுக்கட்டு. மகனுக்குக் கடன் கொடுத்த அத்தை மகனையும் கூப்பிட்டோம். அவன் போக்கர் ஆடியதே இல்லை. ஒவ்வொரு கை முடிந்ததும், நடுவில் 20 கடலை சேர்ந்திருந்தால் ஒன்றை எடுத்து ஒரு சில்வர் டப்பாவில் போட்டேன், 40 சேர்ந்திருந்தால் இரண்டு. ஒன்றரை மணி நேரம், ஏறக்குறைய 40 கை. முடிவில் அத்தை மகனிடம் 71, என் மகனிடம் 44, இவரிடம் 30, என்னிடம் 17. டப்பாவில் 38. மேசையில் இருந்த 200-ல் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை எந்தச் சீட்டும் பிடிக்காத டப்பா தின்றுவிட்டது. இணையத்தில் ஒரு மேசையில் மணிக்கு 60, 70 கை ஓடும், இவன் இரண்டு மேசை ஒரே நேரத்தில் திறந்து வைப்பான். ஆறு பையன்கள் ஆளுக்கு 50 வெள்ளி கொண்டுவந்து, பாட் சராசரி 20 வெள்ளி என்றால், 300 கையில் எடுத்த ரேக் மட்டும் 300 வெள்ளி. ஆறு பேர் கொண்டுவந்தது அத்தனைக்கும் சமம். இந்தக் கணக்கை மகனே தாளில் போட்டான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

எதிரே உட்கார்ந்திருக்கும் இரண்டு பேர் போனில் பேசிக்கொண்டு சீட்டைச் சொல்லிக்கொள்கிறார்களா, மனிதனே இல்லாமல் கணினி ஆடுகிறதா என்று பார்க்க அந்தக் கிளப்புக்கு மேலே எந்த அதிகாரியும் கிடையாது. ஏஜென்ட் காசோடு மறைந்தால் புகார் கொடுக்கவும் வழி குறைவு, ஏனென்றால் ஆடியதே சட்டவிரோதம்.

சட்டத்தையும் ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிடுங்கள், பயமுறுத்தும் குரலில் வேண்டாம். சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2022 ஆகஸ்ட் 1 முதல் நடப்பில் இருக்கிறது. உரிமம் இல்லாதவர்களிடம் இணையத்தில் சூதாடினால் 10,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சிங்கப்பூரில் காசு வைத்து ஆடும் இணையப் போக்கர் எதற்கும் உரிமம் இல்லை. நண்பர்களுக்குள்தானே என்ற சலுகை நேரில் உட்கார்ந்து ஆடுவதற்கு மட்டும்தான், இணையத்தில் செல்லாது. சூதாட்டத்துக்குக் குறைந்த வயது பொதுவாக 21. சிங்கப்பூர் பூல்ஸ் லாட்டரிக் கடைகளில் மட்டும் 18.

அப்பாவின் 4டி

அதைச் சொன்னதும் மகன் திரும்பிக் கேட்டான்: “அப்பா புதன், சனி, ஞாயிறு மூணு நாளும் 4டி வாங்குறாரே, அது மட்டும் என்ன?”

4டி என்பது நாலு இலக்க எண் லாட்டரி. எங்களுக்குப் பதில் இல்லை. உங்கள் வீட்டிலும் இந்தக் கேள்வி வரும், தயாராக இருங்கள். “அது சட்டப்படி சரி” என்பது பதில் ஆகாது, பிள்ளை கேட்பது சட்டத்தை அல்ல. இவர் கோபப்படாமல் ஒரு காரியம் செய்தார். “சரிடா, நீதான் கணக்குல கெட்டிக்காரன், இதையும் போடு” என்றார். 4டியில் ‘பிக்’ என்ற வகையில் ஒரு வெள்ளிக்கு முதல் பரிசு 2,000, இரண்டாவது 1,000, மூன்றாவது 490, பத்து ‘ஸ்டார்ட்டர்’ பரிசு தலா 250, பத்து ஆறுதல் பரிசு தலா 60. 10,000 எண்ணையும் ஒவ்வொரு வெள்ளி போட்டு வாங்கினால் திரும்பி வருவது 6,590. வெள்ளிக்கு 66 காசுகூட முழுசாக இல்லை. இவர் 22 வருடமாக வாங்குகிறார். அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அடுத்த புதன்கிழமை கடைப்பக்கம் போகவில்லை. மகனுக்காகத்தான் நிறுத்தினார். அப்பா தனக்குப் பிடித்ததை விட்டதைப் பார்த்த பிறகு இவனிடம் எங்கள் பேச்சுக்கு ஒரு கனம் வந்தது.

காசுக்கும் இரவுக்கும் வேலி

கடன் விஷயத்தில் உறுதியாக இருங்கள். உரிமம் இல்லாத கிளப்புக்கோ ஏஜென்ட்டுக்கோ பாக்கி இருந்தால் கட்டத் தேவையில்லை. சூதாட்டக் கடனை நீதிமன்றம் வசூலித்துத் தராது. மிரட்டினால் செய்திகளைப் பத்திரப்படுத்திப் போலீசுக்குக் கொடுங்கள். ஆனால் அத்தை மகனும் நண்பனும் கொடுத்தது நம்பிக்கைக் கடன், அதைப் பிள்ளை உழைத்துத் திருப்ப வேண்டும். என் மகன் ஆகஸ்டிலிருந்து சனிக்கிழமைகளில் ஒரு பேரங்காடியில் அலமாரி அடுக்குகிறான். எட்டு மணி நேரம், 76 வெள்ளி. 60 கடனுக்கு, 16 அவனுக்கு. நாத்தனாருக்கு நானே போன் செய்து, “கொஞ்சம் பொறுத்துக்கம்மா, அவனே கொண்டுவந்து தருவான்” என்றேன். வேறு எந்தச் சொந்தக்காரரிடமும் சொல்லவில்லை. கல்யாண வீட்டில் நாலு பேர் “என்னடா, சீட்டாட்டமாமே” என்று கேட்டால் பிள்ளை வெட்கப்பட்டுத் திருந்துவான் என்று நினைப்பது தவறு; மறைக்கத்தான் கற்றுக்கொள்வான்.

கையில் செலவுக்கு வாரத்துக்கு ஒருமுறை ரொக்கம். பேநவ் தினசரி வரம்பைக் குறைத்தோம். மிச்சமிருந்த சேமிப்பை வங்கியின் பணப்பூட்டு வசதியில் போட்டோம். 2023 இறுதியிலிருந்து உள்ளூர் வங்கிகள் இதைக் கொடுக்கின்றன. மோசடிக்கு எதிராக வந்தது, ஆனால் இதற்கும் நன்றாக உதவுகிறது. பூட்டிய பணத்தை இணையம் வழியாக மாற்ற முடியாது. நடு இரவில் கை அரித்தாலும் காலையில் வங்கிக்கு நடந்தாக வேண்டும். அந்த எட்டு மணி நேரம் போதும்.

கைபேசி இரவு பத்தரைக்கு ஹாலில் சார்ஜ் ஆகும். எங்களுடையதும்தான். முதல் இரண்டு வாரம் அவனுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை, சிடுசிடுவென்று இருந்தான். ஆட்டம் விட்டுப்போன இடத்தில் ஏதாவது வேண்டும். செஸ் ஆடு என்று நாங்கள் சொன்னது எடுபடவில்லை. இவர் இரவு ஷிஃப்ட் இல்லாத நாட்களில் அவனை அழைத்துக்கொண்டு புளோக்குகளைச் சுற்றி நடந்தார், காப்பிக்கடையில் இரண்டு தே ஓ (பாலில்லாத தேநீர்), வீடு. அவ்வளவுதான் பேச்சு. அது வேலை செய்தது.

வெளி உதவியைத் தள்ளிப்போடாதீர்கள். தேசிய சூதாட்டப் பிரச்சினை உதவி எண் 1800-6-668-668. குடும்பத்தாரும் அழைக்கலாம், நான்தான் முதலில் அழைத்தேன், கடை மூடிய பிறகு, பாத்திரம் கழுவும் இடத்தில் நின்றுகொண்டு. பிள்ளை சாப்பாடு தூக்கம் இழந்தோ, வாழ்க்கையே வேண்டாம் என்று பேசியோ இருந்தால், மனநலக் கழகத்தின் 24 மணி நேர எண் 6389 2222. அங்கே ‘நாம்ஸ்’ என்ற பிரிவு சூதாட்டப் பழக்கத்துக்கு முறையாகச் சிகிச்சை அளிக்கிறது. கல்லூரியிலும் மாணவர் ஆலோசகர் இருப்பார். என் மகன் முதலில் மாட்டேன் என்றான். “நீ பைத்தியம்னு சொல்லல தம்பி, கால் சுளுக்குனா டாக்டர்கிட்ட போறதில்லையா” என்றேன். இரண்டாவது வாரம் போனான். உள்ளே என்ன பேசினான் என்று நான் கேட்டதில்லை.

மறுபடி ஆடிய நாள்

செப்டம்பர் விடுமுறையில் மறுபடி 50 வெள்ளி போட்டு ஆடினான். நண்பனின் கைபேசியில். இரண்டு நாள் கழித்து அவனே வந்து, நான் மாவு கரைத்துக்கொண்டிருக்கும்போது பின்னால் நின்று சொன்னான். எனக்குக் கை நடுங்கியது. ஆனால் உண்மையைச் சொன்னால் தண்டனை இல்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறோம். “எத்தனை மணிக்கு? அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு?” என்று மட்டும் கேட்டேன். ஒரு பாடத்தில் மதிப்பெண் குறைந்த நாள். குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த கடன் கணக்குத் தாளில், இதுவரை வாங்கிய மொத்தக் கடன் 420 என்பதை அடித்து 470 என்று அவனே எழுதினான். அடுத்த தேர்வு முடிவு வரும் நாளை இவர் தன் நாட்காட்டியில் குறித்து, அன்றைக்கு விடுப்பு எடுத்தார்.

அந்தத் தாளில் கடனுக்குக் கீழே நாங்கள் கேட்காமலே அவன் ஒரு வரி சேர்த்திருந்தான்: ‘ஆச்சி காசு, அம்மா மிக்சி, 189.’ தன் சேமிப்புக்குத் திரும்ப வைக்க வேண்டியதாம். கணக்கைப் பார்த்த நாளிலிருந்து அந்த மிக்சியை நான் தொடவில்லை, துணி போட்டு மூடி வைத்திருந்தேன். அவனிடம் காரணம் சொன்னதும் இல்லை.

அக்டோபர் கடைசி வாரம் அந்த வரியை அடித்தான். மறுநாள் காலை நாலரைக்கு அதில் தேங்காய்ச் சட்னி அரைத்தேன். சத்தத்தில் எழுந்து வந்து கதவோரம் நின்றவன், “ஜாரைக் கொஞ்சம் அழுத்திப் பிடிம்மா, மூடி லூசா இருக்கு” என்றான்.